செம்புக்கு ஒரு துணை

தங்கை மகள் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். நடுவில் ஒரு துளி நீலம். பள்ளிக்கூட ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவையில் பார்த்த மயில்துத்தக் கரைசலின் நீலம் அப்படியே. கையைச் சாய்த்தால் துளி ரேகை வழியாக மெல்ல இறங்கியது.

"பெரியம்மா, காப்பர் பெப்டைடு சீரம். தலையில தடவினா முடி வளருமாம், முகத்துக்கும் போடலாமாம். ஆயிரத்தி ஐந்நூறு ரூபா. நீங்க இதையெல்லாம் படிப்பீங்களே, போடலாமா?"

பிரசவமாகி நாலு மாதம். தலை வாரினால் சீப்பு நிறைய முடி வருகிறது. குளியலறைச் சல்லடையை அடைத்துக்கொண்டு தண்ணீர் நிற்கிறது. ஒரு வாரம் வந்த முடியையெல்லாம் சுருட்டி ஒரு கவரில் போட்டு என்னிடம் காட்டுவதற்கென்றே வைத்திருந்தாள். பாயில் கிடந்த குழந்தை எங்களைப் பார்த்துச் சிரித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா சொன்னார்: "புள்ளை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பிச்சா பெத்தவளுக்கு முடி கொட்டும். எனக்குக் கொட்டுச்சு, உங்கம்மாவுக்கும் கொட்டுச்சு. தானா நிக்கும்டி."

அவளுக்குப் பாட்டி பேச்சில் நம்பிக்கை வரவில்லை. என் பதிலுக்காக என்னையே பார்த்தாள். போடு, போடாதே என்று ஒரு வார்த்தையில் சொல்ல என்னால் முடியவில்லை. அந்த நீலத்துக்குப் பின்னால் இருக்கும் கதை அவ்வளவு பெரியது.

முடிக்கும் செம்புக்கும் உள்ள உறவை மருத்துவ உலகத்துக்குக் காட்டிக்கொடுத்தது செம்மறி ஆடு. 1962இல் ஜான் மென்கெஸ் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய சகாக்களும் ஒரே குடும்பத்தில் ஐந்து ஆண் குழந்தைகளுக்கு வந்த ஒரு நோயைப் பற்றி எழுதினார்கள். பிறந்தபோது நன்றாக இருந்த குழந்தைகள் இரண்டு மூன்று மாதத்தில் தளர்ந்துபோனார்கள். வலிப்பு வந்தது. தலைமுடி வெளுத்து, முறுக்கிக்கொண்டு, தொட்டால் ஒடியும் கம்பிபோல் ஆனது. காரணம் தெரியாமலே பத்து வருடம் போயிற்று. மெல்போர்னில் குழந்தை மருத்துவரான டேவிட் டாங்க்ஸ் அப்படி ஒரு குழந்தையின் முடியைப் பார்த்ததும் அவருக்கு ஆட்டு ரோமம் ஞாபகம் வந்தது. ஆஸ்திரேலியாவில் செம்புச் சத்து இல்லாத மண்ணில் மேயும் ஆடுகளுக்கு ரோமத்தின் இயல்பான சுருள் போய்விடும், உருக்குக் கம்பிபோல் நீண்டு தொங்கும், கறுப்பு ஆட்டின் ரோமம் வெளுக்கும். அந்த நாட்டில் கம்பளி வியாபாரம் அறிந்த யாருக்கும் இது தெரியும். டாங்க்ஸ் குழந்தைகளின் ரத்தத்தில் செம்பை அளந்தார். மிகவும் குறைவாக இருந்தது. 1972இல் அதை வெளியிட்டார். ஒரு மருத்துவர் தன் ஊர் ஆடுகளைக் கவனித்து வைத்திருந்ததால் பத்து வருடப் புதிர் அவிழ்ந்தது. இதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு மனசு நெகிழ்கிறது.

முடிக்குக் கறுப்பு நிறம் தரும் மெலனினை உண்டாக்கும் நொதிக்குச் செம்பு வேண்டும். தோலில் கொலாஜன் இழைகளையும் எலாஸ்டின் இழைகளையும் குறுக்கே பிணைக்கிற லைசில் ஆக்சிடேஸ் என்ற நொதிக்கும் செம்பு வேண்டும். கயிற்றுக் கட்டிலில் நீளவாக்கில் மட்டும் கயிறு ஓடினால் உட்கார்ந்ததுமே தொய்ந்துவிடும், குறுக்குப் பின்னல்தான் ஆளைத் தாங்கும். தோலில் அந்தக் குறுக்குப் பின்னலைப் போடுவது செம்பு உள்ள நொதி.

அப்படியானால் அந்தக் குழந்தைகளுக்குச் செம்பைக் கரைத்துப் புகட்டினால் போதாதா? போதவில்லை. குடலின் சுவர் செம்பைப் பிடித்து வைத்துக்கொண்டது, ரத்தத்துக்கு விடவில்லை. கடத்திவிடும் புரதத்தின் மரபணுவிலேயே பிழை. செம்பை ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தோடு சேர்த்து, பிறந்த சில நாட்களுக்குள் ஊசியாகப் போடத் தொடங்கினால் சில குழந்தைகள் பிழைத்து வளர்கிறார்கள். உடம்புக்குள் செம்பு தனியாக நடமாடுவதில்லை. ரத்தத்தில் செருலோபிளாஸ்மினும் ஆல்புமினும் அதைச் சுமக்கின்றன. உயிரணுவுக்குள் ஒரு புரதம் இன்னொரு புரதத்திடம் கைமாற்றிக் கொடுக்கிறது. ஈஸ்ட் உயிரணுவில் கட்டில்லாத செம்பு அணு ஒன்றுகூட இருப்பதில்லை என்று 1999இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. கட்டவிழ்ந்த செம்பு சுற்றியிருப்பதையெல்லாம் அரிக்கும் என்பதால்தான் இத்தனை காவல்.

இந்த நாட்டில் அதைக் கண்ணால் பார்த்த தலைமுறை இருக்கிறது. பிறந்து ஒன்றிரண்டு வருடத்துக்குள் கல்லீரல் சுருங்கிக் குழந்தைகள் இறந்துபோன ஒரு நோய் இந்தியாவில் இருந்தது. 1980களில் புனேயில் நடந்த ஆய்வுகள், ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்களில் காய்ச்சி வைத்த பாலைச் சுட்டிக்காட்டின. பாலில் உள்ள புரதம் பாத்திரத்தின் செம்பைப் பற்றிக்கொண்டு பிஞ்சுக் கல்லீரலுக்குக் கொண்டுபோனது. வீடுகளில் எவர்சில்வர் வந்த பிறகு அந்த நோய் ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. தெருவில் ஈயம் பூச வருகிறவரின் குரல் கேட்டதும் பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு ஓடிய எங்கள் பாட்டிகளுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

இனி அந்த நீலத் துளிக்கு வருகிறேன். 1973இல் லோரன் பிக்கார்ட் என்ற அமெரிக்க உயிர்வேதியியலாளர், வயதானவர்களின் கல்லீரல் திசுவை இளைஞர்களின் ரத்தத்திலிருந்து எடுத்த பொருளில் வைத்தால் அது இளம் திசுபோல் வேலை செய்வதைக் கவனித்தார். அந்த வேலையைச் செய்த பொருளைப் பிரித்துப் பார்த்தபோது கிடைத்தது மூன்றே அமினோ அமிலங்களின் சங்கிலி: கிளைசின், ஹிஸ்டிடின், லைசின். மூன்றின் ஓரெழுத்துக் குறிகளைச் சேர்த்து ஜி.எச்.கே. என்பார்கள். நடுவில் நிற்பது அந்தக் குழந்தைகளுக்குச் செம்பைச் சுமந்துபோன அதே ஹிஸ்டிடின். இந்தச் சங்கிலி செம்பை இறுகப் பற்றும், பற்றியதும் நீலமாகும். இருபது வயதில் ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 200 நானோகிராம் அளவில் இருப்பது அறுபது வயதில் 80க்கு இறங்குகிறது என்பது பிக்கார்ட் தந்த கணக்கு. விளம்பரங்கள் இந்த இரண்டு எண்களைத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

1988இல் பிரான்சில் தோல் உயிரணுக்களை வளர்த்து இதைச் சேர்த்துப் பார்த்தார்கள். கொலாஜன் உற்பத்தி கூடியது. கூடியதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அளவு. லிட்டருக்கு ஒரு மோலில் நூறு கோடியில் ஒரு பங்கு இருந்தபோதே பலன் உச்சத்தைத் தொட்டுவிட்டது. எடைக் கணக்கில் ஒரு லிட்டரில் அரை மைக்ரோகிராம்கூட இல்லை. 2007இல் தென் கொரிய ஆய்வாளர்கள் இதன் நெருங்கிய உறவான இன்னொரு செம்புப் பெப்டைடை, உடம்புக்கு வெளியே வளர்த்த மனித மயிர்க்கால்களில் சோதித்தார்கள். மயிர்க்கால் நீண்டது. அங்கும் அதே துளியூண்டு அளவுதான். கடையில் ஒரு சதவீதம் என்று எழுதி விற்கும் சீரத்தில் லிட்டருக்குப் பத்து கிராம் இருக்கிறது. அந்தப் பிரெஞ்சு ஆய்வின் அளவைப்போல் கோடி மடங்குக்கும் மேல். அத்தனையும் உள்ளே போகாது. தண்ணீரில் கரையும் இந்தப் பொருளைத் தோலின் எண்ணெய்ப் பசையுள்ள மேலடுக்கு சுலபத்தில் உள்ளே விடாது. ஆனாலும் இரண்டு சதவீதம் ஒன்றைவிட மேல், மூன்று அதைவிட மேல் என்று ஏலம் போடுவதற்கு இந்த அறிவியலில் இடமில்லை.

மனிதர்கள் மேல் நடந்த ஆய்வுகள் சிறியவை. 71 பெண்கள் 12 வாரம் முகத்தில் கிரீம் பூசிய ஆய்வு ஒன்று 2002இல் ஒரு மாநாட்டில் வாசிக்கப்பட்டது. சுருக்கம் குறைந்தது, தோல் இறுகியது என்றார்கள். 2006இல் லேசர் சிகிச்சை செய்துகொண்ட 13 பேரிடம் இன்னொரு ஆய்வு. பூசியவர்கள் தங்கள் தோல் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். அளந்து பார்த்தபோது சிவப்பிலும் சுருக்கத்திலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நான் எடைபோடுவது பெரும்பாலும் இவற்றை வைத்துத்தான். முகத்துக்கென்று செலவழிக்க ஒரு தொகை இருந்தால் முதலில் சன்ஸ்கிரீன், அடுத்து தோல் மருத்துவரிடம் கேட்டு ரெட்டினாய்டு, இது மூன்றாவது. தலைக்கு, பரம்பரை வழுக்கையாக இருந்தால், 1988இலேயே அமெரிக்காவில் அனுமதி பெற்ற மினாக்சிடிலுக்கு உள்ள ஆதாரத்தின் பக்கத்தில்கூட இது இன்னும் வரவில்லை. ஆனால் புண் ஆறும் வேலையோடு நேரடித் தொடர்புள்ள இந்த மூலக்கூறை நான் பொய் என்று தள்ள மாட்டேன். ஒரு வருடமாக இரவில் முகத்துக்கு இரண்டு துளி நானும் போடுகிறேன். என் தோலுக்கு ஒத்துக்கொள்கிறது, வறட்சி குறைந்திருக்கிறது. சுருக்கம் இருந்தபடியே இருக்கிறது.

போடுகிறவர்களுக்கு ஒன்று சொல்லித் தருவேன். அம்மா வாரம் ஒருமுறை செம்புக் குடத்தைக் கவிழ்த்துப் போட்டு, ஊறவைத்த புளியை உருட்டித் தேய்ப்பார். பச்சைக் களிம்பும் கறுப்பும் விரல் போகும் வழியெல்லாம் கலைந்து, அடியிலிருந்து இளஞ்சிவப்பு எழும். ஓடும் தண்ணீர் கலங்கலாகப் போகும். அமிலம் செம்பைக் கரைத்து இழுத்துக்கொண்டு போகிறது. முகத்திலும் அமிலம் அந்த வேலையைச் செய்யும். புளிப்பான பழ அமில சீரத்தையும் இதையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசினால் பெப்டைடின் பிடி தளர்ந்து செம்பு கழன்றுகொள்ளும். வைட்டமின் சி சீரத்தோடு சேர்த்தால் செம்பு அந்த வைட்டமினைச் சீக்கிரம் கெடுக்கும். அதைக் காலையில் போடுங்கள், இதை இரவில். தமிழில் செம்பின் பச்சைக்கும் களிம்பு, புண்ணுக்குத் தடவும் மருந்துக்கும் களிம்பு என்று ஒரே சொல் இருப்பதை ஒவ்வொரு முறை பாட்டிலைத் திறக்கும்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

வாங்கும்போது லேபிளையும் படியுங்கள். நம் நாட்டு விதிப்படி ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ள பொருட்களைத்தான் அளவு வரிசையில் எழுத வேண்டும். அதற்குக் கீழே உள்ளவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம். பட்டியலில் பெயர் எங்கே வருகிறது என்பதை வைத்து அளவை ஊகித்தால் ஏமாறுவோம். இதையே ஊசியாகப் போட்டுக்கொள்ளச் சொல்லும் வீடியோக்களும் இப்போது சுற்றுகின்றன. தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். பூசுவது தோலின் மேலடுக்கோடு பெரும்பாலும் நின்றுவிடும், ஊசிக்கு அந்தத் தடுப்பு இல்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023இல் இந்த ஊசி வடிவத்தைப் பாதுகாப்பு பற்றிய கவலைக்குரிய பொருட்களின் பட்டியலில் சேர்த்தது.

தங்கை மகளிடம் கடைசியில் நான் பேசியது பாட்டியின் பேச்சைப் பற்றித்தான். எந்த நேரத்திலும் தலையில் பத்துப் பன்னிரண்டு சதவீத முடி ஓய்வில் இருக்கும், ஓய்வு முடிந்ததும் உதிரும். கர்ப்ப காலத்தில் ஹார்மோன்கள் நிறைய முடியை ஓய்வுக்குப் போகவிடாமல் வளர்ச்சியிலேயே பிடித்து வைத்துக்கொள்கின்றன. அதனால்தான் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு அடர்ந்த பின்னல். பிரசவமானதும் அவை எல்லாம் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போகின்றன. அந்த ஓய்வு ஏறக்குறைய மூன்று மாதம். குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்குவதும் ஏறக்குறைய அப்போதுதான். பாட்டிக்குக் காரணம் தெரியாது. நாள் கணக்கு சரியாகத் தெரிந்திருக்கிறது.

"அப்ப இது வேண்டாமா பெரியம்மா?"

"குழந்தை கையில புடிச்சு இழுக்குற தலைடி. இப்ப புதுசா எதையும் பூசாதே. ரத்தத்துல இரும்புச் சத்தும் தைராய்டும் பார்த்துட்டு வா."

ரத்தம் குறைவாக இருந்தது. மருத்துவர் இரும்புச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். நீல பாட்டிலை அம்மா வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில், வெண்ணெய் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

குழந்தைக்கு இப்போது பத்து மாதம், சுவரைப் பிடித்து நிற்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை தங்கை மகள் வந்திருந்தாள். வெயில் படும்படி திண்ணையில் உட்காரவைத்து நெற்றி ஓரத்தைப் பார்த்தேன். கட்டைவிரல் நீளத்துக்குப் புதுமுடி வரிசையாக நிமிர்ந்து நின்றது, எண்ணெய் வைத்து அழுத்தினாலும் படியவில்லை. அம்மா பக்கத்தில் வந்து தடவிப் பார்த்தார். உள்ளே ஃப்ரிட்ஜில் பாட்டில், அன்றைக்கு எடுத்த ஒரு துளி மட்டும் குறைந்து, அப்படியே இருக்கிறது.