மாசம் ஒரு பார்ட்டி, மாசம் ஒரு இஎம்ஐ: மொட்டை மாடிக் கணக்கு



வெளிநாட்டு வீடியோக்கள்ல பார்த்திருப்பீங்க. வீட்டுக்கு அடியில சும்மா கிடக்கற பேஸ்மென்ட்டைச் சுத்தம் பண்ணி, நீளமா ஒரு மேஜை போட்டு, மஞ்சள் லைட் மாட்டி, நண்பர்களைக் கூப்பிட்டு விருந்து வைப்பாங்க. நம்ம ஊர்ல பேஸ்மென்ட்டுக்கு எங்க போறது? நமக்குச் சும்மா கிடக்கறது மேல. தண்ணி டேங்க், துணிக்கொடி, கால் உடைஞ்ச நாற்காலி ரெண்டு. "இந்த மொட்டை மாடியை ஒரு பார்ட்டி இடமா மாத்திட்டா என்ன? ஓட்டல் செலவு மிச்சம், இதுவும் ஒரு இன்வெஸ்ட்மென்ட்தானே?" இதுதான் இப்ப நிறைய பேர் கேக்கற கேள்வி.

ஆசையில தப்பே இல்ல. ஆனா 'இன்வெஸ்ட்மென்ட்'ங்கற வார்த்தையை மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். இது செலவு. செலவுன்னு சொல்லிட்டுச் செஞ்சா அளவோட செய்வோம். முதலீடுன்னு பேர் வச்சா, லோன் வாங்கக்கூட மனசு கூசாது.

கணக்கைப் பார்ப்போம். இரும்புப் பந்தல், ஷீட், செயற்கைப் புல், லைட், சோபா எல்லாம் சேர்த்து 3 லட்சம்னு வச்சுக்கங்க. 14 சதவீத வட்டிக்கு 3 வருஷ பர்சனல் லோன் எடுத்தா, இஎம்ஐ சுமார் 10,250 ரூபாய். மொத்தம் கட்டறது கிட்டத்தட்ட 3 லட்சத்து 69 ஆயிரம். பிராசஸிங் கட்டணம், அதுக்கு ஜிஎஸ்டி எல்லாம் தனி.

இப்ப மாசம் தவறாம ஒரு பார்ட்டி வைக்கறீங்கன்னே வைப்போம். 36 மாசம், 36 பார்ட்டி. ஒரு ராத்திரிக்கு உங்க மொட்டை மாடிக்கு நீங்களே 10,250 ரூபாய் வாடகை கட்டறீங்க. சாப்பாட்டுச் செலவு இதுல இல்ல. சென்னையில அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் மழை. மே மாசம் ராத்திரி எட்டு மணிக்குக்கூட தரை சுடும். ஆக வருஷத்துக்கு எட்டு பார்ட்டி நடந்தாலே பெரிய விஷயம். அப்படின்னா ஒரு ராத்திரிக்கு 15,000 ரூபாயைத் தாண்டிடுது. இந்தக் காசுக்கு நாலு ஜோடி நல்ல ஓட்டல்லயே உக்காந்து சாப்பிட்டுட்டு வரலாம், பாத்திரமும் கழுவ வேண்டாம்!

அதே 10,250 ரூபாயை மாசாமாசம் ஆர்.டி.யில போட்டா? ஆறரை சதவீத வட்டின்னு வச்சாலும் 28வது மாசம் 3 லட்சம் கையில இருக்கும். அப்பவும் அந்த ஆசை அப்படியே இருந்துச்சுன்னா தாராளமா செய்யுங்க, யாரும் தடுக்க மாட்டாங்க. எட்டு மாசம் சீக்கிரமே முடிஞ்சிடும், வட்டியும் மிச்சம்.

சரி, வீடு யார் பேர்ல இருக்கு? இதைக் கேட்டாதான் நிறைய பேர் முகம் மாறும். வாடகை வீடுன்னா பேச்சே இல்ல. அப்பார்ட்மென்ட்டுன்னா மாடி பெரும்பாலும் எல்லாருக்கும் பொது, அசோசியேஷன்ல கேக்கணும். அப்பா பேர்ல இருக்கற வீடுன்னா? உங்களுக்கு ஒரு அண்ணனோ தங்கச்சியோ இருக்காங்க இல்லையா, நாளைக்கு அவங்களுக்கும் அதுல பங்கு வரும். பூர்வீகச் சொத்துன்னா மகளுக்கும் சம உரிமைன்னு 2005லயே இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியாச்சு. பாகம் பிரிக்கற அன்னைக்கு, "மாடியில நான் 3 லட்சம் போட்டேன்"னு கூடப்பிறந்தவங்ககிட்ட வாய் திறந்து கேக்க முடியுமா? கேட்டா உறவு கசக்கும், கேக்கலைன்னா காசு போச்சு. அதனால கழட்டி எடுத்துட்டுப் போகக்கூடிய பொருளா மட்டும் வாங்குங்க. மடக்கு மேஜை, நாற்காலி, எல்இடி சரம், பாய். கூரை வேண்டாம். நிரந்தரமா கூரை போட்டா கட்டட அனுமதி, சொத்து வரின்னு வேற கேள்விகளும் வரும்.

பந்தல் கால் நட தரையில துளை போட்டாலும் தலைவலிதான். மொட்டை மாடியில செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, தட்டோடு பதிச்சிருக்கறது மழைத்தண்ணி கீழ இறங்காம இருக்க. அதுல எட்டு துளை போட்டுட்டு சரியா அடைக்கலைன்னா, அடுத்த மழைக்குக் கீழ பெட்ரூம் சீலிங்ல ஈரம் தெரியும். செயற்கைப் புல்லுக்கு அடியிலயும் தண்ணி தேங்கும், அதை யாரும் தூக்கிப் பார்க்கறதில்ல.

நிழல் கட்டாயம் வேணும், சொந்த வீடு, கையில காசும் இருக்குன்னா, எனக்கு ஷீட்டைவிட சோலார் பேனல் பிடிக்கும். 2024ல வந்த பிரதமர் சூர்ய கர் திட்டத்துல 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. பேனலை ஆள் உயரத்துக்கு மேல சட்டம் போட்டு நிறுத்தினா, அடியில உக்காரலாம். சட்டத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும், இடுக்கு வழியா மழையும் ஒழுகும். ஆனா நீங்க பார்ட்டி வைக்காத நாள்லயும் அது கரண்ட் பில்லைக் குறைச்சுக்கிட்டே இருக்கும். முதலீடுன்னு சொல்லணும்னா அதைச் சொல்லுங்க.

எதையும் வாங்கறதுக்கு முன்னாடி நாலு சனிக்கிழமை சும்மா ஒரு பாயை விரிச்சு, கீழ இருந்து ஒரு ஒயரை இழுத்து பல்பு மாட்டி, நண்பர்களைக் கூப்பிட்டுப் பாருங்க. இட்லிப் பானையையும் சாம்பார் தூக்கையும் ரெண்டு மாடி ஏத்தினாதான் தெரியும், இதெல்லாம் நமக்குச் சரிப்பட்டு வருமான்னு. பாட்டுச் சத்தத்தைப் பத்து மணிக்கு நிறுத்திடுங்க, அதுக்கு மேல திறந்த வெளியில ஸ்பீக்கர் வைக்கச் சட்டத்துல இடம் இல்ல. நாலு தடவையும் நல்லா நடந்துச்சுன்னா, முதல் செலவா ஒரு பிளம்பரைக் கூப்பிட்டு டேங்க் பக்கத்துல ஒரு குழாயும், அழுக்குத் தண்ணி போக ஒரு பைப்பும் போட்டுக்கங்க. சாப்பிட்ட கையோட பத்து பேர் வரிசையா கீழ இறங்கி வர்றதை உங்க அம்மா எத்தனை வாரம் பொறுத்துக்குவாங்க?