ஒட்டியது ஒட்டியபடியே இருக்குமா?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

நேற்று நம் பழைய மாணவர் குழுவிலும் குடும்பக் குழுவிலும் ஒரே பார்வர்டு. "கோயில் அஷ்டபந்தன மருந்துக்கு முன்னால் இன்றைய எபாக்சி எல்லாம் தூசு, ஆயிரம் வருஷம் ஆனாலும் விடாது" என்று. கீழே வரிசையாகக் கைகூப்பல்கள். என்னிடம் அறிவியல் படித்து இன்று இன்ஜினீயராக இருப்பவர்களும் அதில் உண்டு.

எனக்குக் கோபம்தான் வந்தது. காஞ்சிபுரத்துக்காரர்கள் இதைச் சொல்லலாமா? கொம்பரக்கு, குங்கிலியம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்று எட்டுப் பொருள்களை இடித்து மூலவருக்கும் பீடத்துக்கும் இடையே சாத்துகிறோம். ஆயிரம் வருஷம் தாங்குமென்றால், 12 வருஷத்துக்கு ஒருமுறை கும்பாபிஷேகத்தில் அதை ஏன் புதுப்பிக்கிறோம்? சடங்கு ஒரு பக்கம் இருக்கட்டும். பசை ஒருநாள் விடும் என்று ஒப்புக்கொண்டு, அதற்கு முன்பே நாள் குறித்தார்களே, பெருமைப்பட வேண்டியது அதற்குத்தான்.

எதிர்க் கட்சிக்காரர்களும் துள்ள வேண்டாம். டியூப்பின்மேல் அச்சடித்த எண்ணை நம்பி உட்கார்ந்திருப்பதும் அதே மூடநம்பிக்கைதான்.

ஃபைபர் கிளாஸ், கார்பன் ஃபைபர் தகடுகளின் பலம் நாரில் இருக்கிறது. இரண்டு தகடுகளை ஒட்டினால் அந்த இடத்தில் நார் தொடர்வதில்லை. பாரத்தைக் கடத்துவது நடுவில் உள்ள மெல்லிய பசைப் படலம் மட்டுமே. நம் நெசவாளர் முந்தானைப் பாவின் ஒவ்வொரு இழையையும் உடல் பாவின் இழையோடு முறுக்கிச் சேர்க்கிறாரே, அங்கே இழையே இழையைப் பிடிக்கிறது. பசைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

சுவரொட்டியை அப்படியே பக்கவாட்டில் இழுத்தால் வராது, ஓரத்தில் நகம் கொடுத்து உரித்தால் வந்துவிடும். பசையின் குணமே அது. மேலும், ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிய இணைப்பில் பாரம் இரு முனைகளில்தான் குவியும். ஒட்டும் நீளத்தை இரட்டிப்பாக்கினால் பலம் இரட்டிப்பாகாது. இதை 1938-லேயே வோல்கர்சன் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஃபைபர் சறுக்குமரம் விரிசல் விட்டது. பெயின்டைக்கூடத் தேய்க்காமல் மேலேயே ரெசின் பூசி ஒட்டினார்கள். பார்க்கப் பளபளவென்று இருந்தது. இரண்டே வாரத்தில் பெயின்டோடு உரிந்து வந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு முழங்கை முறிந்தது. "நல்ல கம்பெனி பசைதான் சார்" என்றார்கள். பசை ரெசினை விடவில்லை ஐயா, பெயின்ட்தான் தகட்டை விட்டது! நானும் அன்று பளபளப்பைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போனவன்தான். அந்த உறுத்தல் இன்னும் போகவில்லை.

விமானத்துக்கும் இதே கதைதான். 2005 மார்ச்சில் கியூபாவிலிருந்து கிளம்பிய ஏர் டிரான்சாட் ஏ310 விமானத்தின் கார்பன் ஃபைபர் சுக்கான் நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. உள்ளே ஒட்டு விட்டிருக்கலாம் என்பது விசாரணை சொன்ன காரணங்களில் ஒன்று. நல்லவேளை, எல்லோரும் உயிரோடு இறங்கினார்கள். தொட்டுக்கொண்டு மட்டும் இருக்கும் பலமில்லாத ஒட்டு, அல்ட்ராசோனிக் சோதனையிலும் தப்பிவிடக்கூடும். அதனால் ஒட்டிய பிறகு சோதிப்பதைவிட ஒட்டும்போது ஒழுங்காகச் செய்வதே முக்கியம்.

பழுது பார்க்கும் இடத்தில் இருக்கும் பிள்ளைகளே, பெயின்டை நார் தெரியும்வரை தேயுங்கள். படகு கட்டுபவர்கள்போல் 1-க்கு 12 சரிவு கொடுங்கள். தூசியும் ஈரமும் எண்ணெய்க் கையும் படவிடாதீர்கள். உயிர் தொங்கும் இடமென்றால் ஒட்டோடு போல்ட்டும் போடுங்கள். அடுத்து எப்போது பார்ப்பது என்று தேதியை எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

முன்னோர் பெருமை பேசுகிறவர்களும் அந்தத் தேதியைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார்