நோகாத வண்டி எது?



சென்ற மாதம் ஒரு ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்து வெளியே வந்தேன். கோவில் வாசலில் புத்தம் புதிய மோட்டார் சைக்கிள் ஒன்று மல்லிகைச் சரம் சூடி நின்றது. சிறுசேரியில் கணினி நிறுவனமொன்றில் பணிபுரியும் நம் நாவலூர் இளைஞன் ஒருவன் அதை மந்திரிக்கக் கொண்டுவந்திருந்தான். மணமாகி நான்கு திங்களே ஆன அவன் மனைவியும், அவனைப் பெற்ற தாயும் உடன் நின்றார்கள். செபித்துத் தீர்த்தம் தெளித்தேன். அந்தத் தாயின் முகம் மட்டும் தெளியவில்லை.

“சாமி, மந்திரிச்சது சரி. இவன் மருமகளைப் பின்னால உட்கார வச்சுக்கிட்டு வேளாங்கண்ணிக்கு இதுலயே போறேங்கிறான். முந்நூறு கிலோமீட்டராம். நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க.”

மகன் சிரித்தான். “நல்ல வண்டி, சாமி. எவ்வளவு தூரம் போனாலும் உடம்பு நோகாது.”

நோகாத வண்டி! அச்சொல் அன்று முழுவதும் என் மனத்தில் சுழன்றது. நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் விழாக்காலங்களில் மோட்டார் சைக்கிளிலேயே சொந்த ஊருக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். ஆகவே, நெடும்பயணத்தில் ஒரு வண்டியை நோகாத வண்டியாக்குவது எது என்பதை இம்மாதம் சிந்திப்போம்.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் குருப்பட்டம் பெற்ற புதிதில், பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றில் மதுரையிலிருந்து செங்கற்பட்டுவரை ஒரே மூச்சாக வந்தேன். இளமைத் துணிச்சல். விழுப்புரம் தாண்டியபோது விரல்கள் மரத்துப்போயின. அதைப் பொருட்படுத்தவில்லை. திண்டிவனத்துக்கு அருகே முன்னே சென்ற லாரி திடீரென்று நின்றது. பிரேக்கைப் பிடித்தேன், ஆனால் எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறேன் என்பதை என் விரல்கள் எனக்குச் சொல்லவில்லை. லாரியின் பின்பலகைக்கு ஒரு முழம் முன்னே வண்டி நின்றது. நோவில்லாமல் அமர்வது சொகுசு அன்று, உயிர்க்காப்பு என்பதை அன்றுதான் கற்றேன். மரத்த கையும் கடுத்த முதுகும் உள்ளவனுக்குக் கண் சாலையில் இருக்காது. அவன் கருத்தெல்லாம் தன் உடல்மேல்தான் இருக்கும்.

அமரும் நிலையே முதற்காரியம். கைப்பிடி, இருக்கை, கால்மிதி ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரு முக்கோணம். பந்தய வண்டியைப்போல் முன்னே குனிந்து அமர்ந்தால் உடலின் பாரம் மணிக்கட்டில் இறங்கும். கால்களை முன்னே நீட்டிச் சாய்ந்து அமரும் வண்டியில் பாரமெல்லாம் முதுகெலும்பின் அடியில் விழும். பள்ளத்தில் இறங்கும்போது காலை ஊன்றி எழவும் இயலாது. முதுகு நிமிர்ந்து, முழங்கை சற்று மடங்கி, முழங்கால் இறுகாமல், பாதம் ஏறக்குறைய உடலுக்கு நேர்கீழே ஊன்றும் நிலையில்தான் பாரம் எங்கும் பகிர்ந்து நிற்கும். ஆகவே ஓட்டுபவர் தம் உயரத்துக்கு ஏற்ற வண்டியைத் தேடவேண்டும். 2016இல் வெளிவந்த ஹிமாலயன் வண்டியின் இருக்கை 800 மில்லிமீட்டர் உயரம். 2020இல் வெளிவந்த மீட்டியோர் 350இன் இருக்கை 765 மில்லிமீட்டர். இந்த மூன்றரைச் சென்டிமீட்டர் வேறுபாட்டில் ஒருவருக்குப் பாதம் முழுதும் தரையில் பதியும்; மற்றொருவருக்கு நுனிவிரலே எட்டும்.

இருக்கையின் மென்மையைக் கண்டு மயங்கலாகாது. கடையில் ஐந்து நிமிடம் அமரும்போது இலவம்பஞ்சுபோல் இருப்பது, இரண்டு மணி நேரத்தில் அமுங்கி அடித்தகட்டைக் காட்டிவிடும். அகலமாகவும் ஓரளவு கெட்டியாகவும் இருந்து, இடுப்பெலும்பின் இரு முனைகளையும் தாங்கும் இருக்கையே நெடுவழிக்கு உதவும்.

அடுத்தது அதிர்வு. இதற்கு நம் மண்ணிலேயே ஒரு வரலாறு உண்டு. 1955இல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து, புல்லட் வண்டியைச் சென்னையில் உருவாக்கத் தொடங்கின. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. தாய்நாட்டில் அந்நிறுவனம் 1970ஆம் ஆண்டளவில் மறைந்தது. இங்கோ வளர்ந்து, 2013இல் ஒரகடத்திலும் 2017இல் வல்லம் வடகாலிலும் புதிய ஆலைகள் கண்டது. நாவலூரிலிருந்து கேளம்பாக்கம், வண்டலூர் வழியே படப்பை தாண்டினால் ஒரகடம் வந்துவிடும்.

புல்லட்டின் எஞ்சினில் ஒரே சிலிண்டர். நிமிடத்துக்கு 3000 சுற்று சுழலும்போது அதன் பிஸ்டன் ஒரு நொடியில் 50 முறை மேலேறிக் கீழிறங்குகிறது. அந்த ஆட்டம் கைப்பிடி, கால்மிதி, இருக்கை ஆகியவற்றின் வழியே உடலுக்குள் இறங்குகிறது. மெதுவாகச் செல்லும்போது இனிய தாளமாகத் தோன்றுவது, வேகமாகப் பலமணி நேரம் செல்லும்போது விரல்களை மரக்கச் செய்கிறது. இதற்கு மாற்றாக, எதிர்த்திசையில் சுழன்று அந்த ஆட்டத்தைத் தணிக்கும் எடைத்தண்டு ஒன்றைப் பொறியாளர் எஞ்சினுக்குள் வைக்கிறார்கள். மீட்டியோர் 350இல் அவ்வாறு வந்த புதிய எஞ்சின் 2023இல் புல்லட்டுக்கும் வந்தது. அதே தோற்றம், ஆனால் நடுக்கம் வெகுவாகக் குறைந்துவிட்டது.

மூன்றாவது ஸ்பிரிங். பின்சக்கரத்து ஷாக் அப்சார்பரின் அடியில் படிப்படியான பற்களுடன் ஒரு வளையம் இருக்கும். பலர் வண்டி வாங்கி விற்கும்வரை அதைத் தொடுவதேயில்லை. பின்னால் ஓர் ஆளும் பையும் ஏறும்போது, அதற்குரிய சாவியால் வளையத்தை ஓரிரு படி இறுக்கவேண்டும். இறுக்காவிட்டால் ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி அடிதட்டும். முகப்புவிளக்கு வானத்தைப் பார்க்கும். சக்கரத்தின் காற்றையும், புறப்படுமுன் டயர் குளிர்ந்திருக்கும்போது, இருவர் ஏறும் அளவுக்குப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான்காவது காற்று. மணிக்கு 60 கிலோமீட்டரிலிருந்து 90க்கு ஏறினால் வேகம் ஒன்றரை மடங்கே. மார்பில் மோதும் காற்றின் விசையோ இரண்டேகால் மடங்கு. அதை எதிர்த்துக் கைப்பிடியைப் பற்றியிருப்பதிலேயே தோள் தளர்ந்துபோகும். காற்றைத் தடுக்கும் கண்ணாடி உதவும். வேகத்தைக் குறைப்பது செலவில்லாமலே உதவும்.

இவை யாவும் ஓட்டுபவருக்கு. பின்னால் அமர்பவரை யார் எண்ணுகிறார்கள்? வளைவும் பள்ளமும் வருவது ஓட்டுபவருக்கு முன்னரே தெரியும். உடல் தானே ஆயத்தமாகிறது. பின்னிருப்பவருக்கு எல்லாம் திடீரென்றே வருகிறது. ஆகவே அவருக்குத்தான் நல்ல இருக்கையும், பற்றிக்கொள்ளப் பிடியும், பாதம் ஊன்ற மிதியும் முதலில் வேண்டும். பிடியும் மிதியும், சேலையோ துப்பட்டாவோ பின்சக்கரத்தில் சிக்காதபடி காக்கும் தடுப்பும் இருக்கவேண்டும் என்பது சட்டம். அழகு கெடுகிறதென்று அத்தடுப்பைக் கழற்றி வீட்டு மூலையில் போடுகிற பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். பெற்றோரே, இன்றே எடுத்து மாட்டச் சொல்லுங்கள். தலைக்கவசமும் இருவருக்கும் உரியது. 2015 சூலை முதல் நாளிலிருந்து உயர்நீதிமன்ற ஆணையின்படி தமிழகத்தில் அது கண்டிப்பாக்கப்பட்டது. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் தலைக்குச் சரியான அளவும் பார்த்து வாங்குங்கள். இறுக்கமான கவசம் அரைமணியில் தலைவலி தரும்; வலி தருவதை எவரும் வழியில் கழற்றிவிடுவார்.

இத்தனையும் அமைந்த வண்டியிலும் ஒன்று மிஞ்சுகிறது: மனித உடல். ஒரே நாளில் 1000 மைல் ஓட்டிச் சான்றிதழ் பெறுவோர் அமெரிக்காவில் உண்டு. நமக்கு அது வேண்டாம். ஒன்றரை மணிக்கு ஒருமுறை இறங்கி நடந்து, தாகம் எடுக்குமுன் தண்ணீர் குடித்து, நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடைப்பட்ட நேரத்தில் வண்டியைத் தொடாமல் இருப்பதே நமக்குப் போதும். பதறாத காரியம் சிதறாது.

அந்த இளைஞனுக்கு நான் சொன்னது ஒன்றே. “தம்பி, வேளாங்கண்ணிக்குப் போகுமுன் உன் தாயைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மாமல்லபுரம்வரை போய் வா. நோகுமா நோகாதா என்பதை அவர்கள் சொல்லட்டும்.”

அடுத்த வாரம் அந்த அம்மாவே வந்தார். கோவளம் வழியாகப் போய்த் திருப்போரூர் வழியாகத் திரும்பினார்களாம். “திருப்போரூர் வர்றதுக்குள்ள இடுப்பு விட்டுப்போச்சு, சாமி. பிடிக்க ஒரு கம்பிகூட இல்ல” என்றார். மகன் தலைகுனிந்து நின்றான். கடைக்காரர் கழற்றிக் கொடுத்திருந்த பிடியும் தடுப்பும் மறுநாளே வண்டியில் ஏறின, பின்ஸ்பிரிங்கும் இறுக்கப்பட்டது. பயணத்தை இரண்டு நாளாக்கி, முதல் இரவு புதுச்சேரியில் தங்குவதென்று முடிவாயிற்று.

மருமகள் மட்டும் ஒன்று கேட்டாள். “சாமி, இதெல்லாம் நான் சொன்னப்பவே ஏன் இவர் கேட்கல?”

அதற்கு என்னிடம் விடை இல்லை. உங்கள் வீட்டில் வண்டி ஓட்டுகிறவரிடம் கேட்டுப் பாருங்கள்.