ஆப் வண்டிகளுக்கு ஆவடியில் யார் பொறுப்பு?

இரவு ஒன்பதரைக்கு மேல் ஆவடி ரயில் நிலையத்தில் இறங்கி, முத்தாபுதுப்பேட்டைக்கு ஆப்பில் ஆட்டோ போடுகிறவர்களுக்கு அடுத்து நடக்கப்போவது மனப்பாடம். போன் வரும். "எங்க சார் டிராப்பு?" இடத்தைச் சொன்னதும், "அங்கேர்ந்து ரிட்டர்ன் கிடைக்காது சார், ஆப்ல காட்டுறதுக்கு மேல அம்பது போட்டுக் குடுங்க. இல்லேன்னா நீங்களே கேன்சல் பண்ணிடுங்க." டிரைவர் சொல்வது பொய்யில்லை. விமானப்படைத் தளத்தை ஒட்டிய அந்தப் பகுதிக்குப் புறநகர் ரயில் கிடையாது; அந்த நேரத்தில் திரும்பிவர சவாரி கிடைப்பது அபூர்வம். காட்டிய தொகைக்கு மேல் ஏன் தரவேண்டும் என்று பயணி கேட்பதும் நியாயம்தான். இந்த வழக்கைக் கேட்டுத் தீர்க்கத்தான் ஊரில் யாருமில்லை. கவுன்சிலரிடம் போனால், "அது நம்ம கையில இல்லீங்களே" என்பார். உண்மையிலேயே அவர் கையில் இல்லை.

ஆவடி 2019-இல் மாநகராட்சி ஆனது. 2022-இல் வார்டுகளுக்குத் தேர்தலும் நடந்தது. அங்கே ஒரு டீக்கடை வைக்க மாநகராட்சியின் தொழில் உரிமம் வேண்டும். சம்பளக்காரர்கள் அரையாண்டுக்கு ஒருமுறை தொழில் வரி கட்டவேண்டும். ஆனால் அதே தெருக்களில் நாள் முழுக்க வண்டி ஓட்டிச் சம்பாதிக்கும் ஆப் நிறுவனத்தை மாநகராட்சி ஒரு கேள்வி கேட்க முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்துக்கு 2019-இல் வந்த திருத்தம், இந்த நிறுவனங்களுக்கு உரிமம் தரும் பொறுப்பை மாநில அரசிடம் விட்டது. எப்படித் தரவேண்டும் என்று 2020 நவம்பரிலும் 2025 ஜூலையிலும் மத்திய அரசு வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. 2025-இன் நெறிப்படி நெரிசல் நேரத்தில் அடிப்படைக் கட்டணத்தின் இரு மடங்கு வரை வாங்கலாம். உரிமக் கட்டணம் 5 லட்சம் ரூபாய். அந்தப் பணத்திலோ அதிகாரத்திலோ வண்டி ஓடும் ஊருக்குப் பங்கில்லை. நாள் வாடகைக்கு வீடு விடும் தொழிலோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் அனுமதியில்லாத காட்டேஜுக்கு உள்ளூர் நிர்வாகம் நேரே போய் சீல் வைக்க முடிகிறது. கட்டடம் ஓரிடத்தில் நிற்கிறது, அதனால் பிடி கிடைக்கிறது. வண்டி நகர்ந்துகொண்டே இருப்பதால் அது யாருக்கும் சொந்தமில்லாத விஷயமாகிவிட்டது.

எல்லாவற்றையும் கோட்டையிலிருந்து பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கு ஆட்டோ கட்டணமே போதுமான பதில். முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்று 2013-இல் அரசு நிர்ணயித்தது. பெட்ரோல் விலை எங்கோ போனபிறகும் அந்தக் கட்டணம் காகிதத்தில் அப்படியே நின்றது. கடைசியில் 2025 பிப்ரவரி 1 முதல் 50 ரூபாயும் 18 ரூபாயும் என்று தொழிற்சங்கங்கள் தாங்களாகவே அறிவித்தன. அப்படி வாங்கினால் நடவடிக்கை என்று அரசு எச்சரித்தது. மீட்டர் என்றோ செத்துவிட்ட ஊரில் இந்த எச்சரிக்கையை யார் பொருட்படுத்தியிருப்பார்கள்? இதற்கிடையில் ஆப் நிறுவனங்கள் ஆட்டோக்களுக்குக் கமிஷனை விட்டுவிட்டு டிரைவரிடம் நாள் சந்தா வாங்கும் முறைக்கு மாறின. திரையில் தெரிவது பரிந்துரைத் தொகை மட்டுமே, மீதி உங்களுக்கும் டிரைவருக்கும் இடையில் என்று ஒதுங்கிக்கொள்ள அது வசதியாகிவிட்டது.

கட்டணத்தையும் உரிமத்தையும் உள்ளாட்சியிடம் ஒப்படைக்கச் சொல்லவில்லை. ஆவடியில் ஏறியவர் அம்பத்தூர் போனால் சென்னை மாநகராட்சி, பூந்தமல்லி போனால் அந்த நகராட்சி. ஒவ்வோர் எல்லையிலும் ஒரு கட்டணம் என்றால் அது கேலிக்கூத்து. ஆனால் சவாரி எங்கே முடிந்தாலும் அது தொடங்கும் இடம் ஒன்றுதான். வண்டி எங்கே நிற்கலாம், ஷேர் ஆட்டோவுக்கு எந்த ஓரம், ஆப் வண்டிக்கு எந்த வாசல், இரவில் எந்தத் தடத்துக்கு வண்டியே வருவதில்லை என்பதெல்லாம் உள்ளூர்க்காரர்களுக்கு மட்டுமே தெரிந்த சங்கதிகள். எந்தப் பகுதிக்குக் கேட்ட சவாரிகளில் எத்தனை ரத்தாயின என்ற கணக்கு நிறுவனங்களின் கணினியில் இருக்கிறது. அதை மாதம் ஒருமுறை மாநகராட்சிக்குத் தரவேண்டும் என்று விதித்தால், முத்தாபுதுப்பேட்டைக்கு இரவு ஒன்பதுக்கு மேல் மினி பஸ் கேட்பதற்கு மன்றத்தில் ஆதாரம் இருக்கும். சவாரிக்கு ஒரு சிறு தொகையை நிறுவனத்திடம், டிரைவரிடம் அல்ல, வாங்கினால் நிறுத்தத்துக்குக் கூரையும் விளக்கும் போடலாம்.

உள்ளாட்சியிடம் ஸ்டாண்டைக் கொடுத்தால் மாமூல்தான் பெருகும் என்பது கேட்டவுடன் தலையாட்ட வைக்கும் ஆட்சேபம். மாமூல் இன்றைக்கும் இல்லாமலில்லை. எது ஸ்டாண்டு, எது ஸ்டாண்டு இல்லை என்று எழுதிவைக்கப்படாத இடத்தில்தான் அது செழிக்கும். மன்றம் தீர்மானம் போட்டு, கோடு கிழித்து, எத்தனை வண்டி என்று பலகை வைத்த இடத்தில் கை நீட்டுவது கடினம். கட்டுப்பாடு வந்தால் நிறுவனங்கள் போய்விடும் என்றும் சொல்வார்கள். அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் அது நடந்தது. டிரைவர்களுக்குக் கைரேகைச் சோதனை வேண்டும் என்ற நகர விதியை நீக்கும் யோசனையை 2016 மே மாதம் வாக்காளர்கள் நிராகரித்தார்கள். ஊபரும் லிஃப்டும் வெளியேறின. ஊர் முடங்கிவிடவில்லை, சிறிய நிறுவனங்கள் அந்த இடத்துக்கு வந்தன. மறு ஆண்டு டெக்சஸ் மாநில அரசு சட்டம் போட்டு நகரத்தின் அதிகாரத்தைப் பறித்த பிறகே பெரியவை திரும்பின. அங்கே கொடுத்ததைப் பிடுங்கினார்கள். இங்கே கொடுக்கவே இல்லை.

இனி இந்தப் பக்கம் வண்டி குறையப்போவதில்லை. பட்டாபிராம் டைடல் பூங்கா 2024 நவம்பரில் திறந்துவிட்டது. கோயம்பேட்டிலிருந்து ஆவடி வழியாகப் பட்டாபிராமுக்குக் கிட்டத்தட்ட 22 கிலோமீட்டர் மெட்ரோ என்பது 2025-இல் அரசிடம் தரப்பட்ட திட்ட அறிக்கை; ரயில் ஓடப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை இறங்கிய இடத்திலிருந்து வீடு போக ஆப்பும் ஷேர் ஆட்டோவும்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 117-ஆவது பிரிவு, வண்டிகள் நிற்கும் இடங்களை உள்ளாட்சியைக் கலந்தாலோசித்து மாநில அரசோ அது அதிகாரமளிக்கும் அமைப்போ முடிவுசெய்யலாம் என்கிறது. அந்த அமைப்பு ஆவடி மாநகராட்சியாக இருக்கலாம். இதற்குச் சட்டத் திருத்தமும் வேண்டாம், டெல்லி ஒப்புதலும் வேண்டாம். போக்குவரத்துத் துறை ஓர் அரசாணை போட்டால் போதும்.