புளி போட்டுத் தேய்க்காதீர்கள்!



ரோமாபுரித் தங்கம் தமிழன் காலடியில் கொட்டியது என்று ஒரு வீடியோவை ஆளாளுக்கு எனக்கு அனுப்புகிறீர்கள். 1898இல் புதுக்கோட்டைப் பக்கம் ஒரே இடத்தில் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தது உண்மைதான். ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றில் பேரரசன் முகத்தின் மேல் உளிவெட்டு இருப்பதை அந்த வீடியோ சொல்லவில்லை. அவற்றை நம்மவர்கள் எடை போட்டு வாங்கும் தங்கமாகத்தான் பார்த்தார்கள் என்பது அறிஞர் பலரின் கருத்து.

பொற்காசை நீட்டி உப்பும் மீனும் வாங்க முடியுமா? கடைத்தெருவுக்குச் சில்லறை வேண்டும். அந்தச் சில்லறைதான் செம்பு. கரூர் அமராவதி ஆற்று மணலில் வில்லும் அம்பும் பொறித்த சேரர் செப்புக்காசுகள் கிடைத்திருக்கின்றன. பாண்டியரின் சதுரச் செப்புக்காசு ஒன்றில் குதிரை உருவத்தோடு 'பெருவழுதி' என்று தமிழ்ப் பிராமியில் எழுதியிருக்கிறது. அதை 1980களில் உலகறியச் செய்தவர் நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி.

ரோமின் ஆட்சியில் இருந்த எபேசு நகரமும் தன் சந்தைக்கு வெண்கலக் காசு அடித்தது. ஒரு பக்கம் ரோமப் பேரரசன் தலை, மறுபக்கம் உள்ளூர்த் தெய்வம் ஆர்த்தமிஸ். பெருவழுதி காசிலோ எந்தப் பேரரசனுக்கும் இடமில்லை. நம் மன்னன் பெயர், நம் மொழி. பெருமை பேசுவதானால் இதைப் பேசுங்கள்.

ஆனால் இந்தச் செம்பை நாம் என்ன செய்கிறோம்? பச்சை பிடித்த காசு கையில் கிடைத்தால் புளி போட்டுத் தேய்க்கிறோம். பாசி போகும்போது எழுத்தும் போய்விடுகிறது. இல்லையென்றால் வியாபாரியிடம் விற்றுவிடுகிறோம். கைமாறிய காசு எந்த ஊரில், எந்த மண்ணில் கிடைத்தது என்று அப்புறம் யாருக்கும் தெரியாது. ஊர் தெரியாத காசு, அனுப்பியவர் முகவரி இல்லாத கடிதம் மாதிரி.

"கால் ரூபாய் பெறாத செம்புதானே சார்" என்று சொல்லாதீர்கள். மண்ணுக்குள் கிடைக்கும் பழம்பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறும் என்றாலே மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம்.

வீடு கட்டப் பள்ளம் தோண்டுகிறீர்களா? காசு தென்பட்டால் கழுவாதீர்கள், இடத்தைக் குறித்து வையுங்கள், படம் எடுங்கள், தாசில்தார் அலுவலகத்தில் சொல்லுங்கள். பேரப்பிள்ளைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போங்கள். தங்கத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல், செம்பின் முன்னாலும் கொஞ்ச நேரம் நிற்கச் சொல்லுங்கள்.