கூலியும் வாரப் பகுதியும்

குண்டூர் மாவட்டத்தில், சேப்ரோலுவை அடுத்த கொத்தரெட்டிபாலெம் என்னும் சிற்றூரில், தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டு, தங்களை இஸ்ரவேலின் எப்பிராயீம் கோத்திரத்தின் வழிவந்தோராகக் கருதும் பெனே எப்ராயிம் சமூகத்தார் 1991இல் நிறுவிய யூதத் தொழுகைக்கூடம் இருக்கிறது. தோரா எனப்படும் மோசேயின் ஐந்து நூல்களை 54 பகுதிகளாக வகுத்து, ஓய்வுநாளாகிய சனிக்கிழமைதோறும் ஒரு பகுதியும் தேவைப்படும் வாரங்களில் இரண்டுமாகப் படித்து, ஓராண்டில் முடித்தவுடன் மீண்டும் ஆதியாகமத்திலிருந்து தொடங்குவது யூத மரபு. அந்த வாரப் பகுதிக்குப் ‘பராஷா’ என்று பெயர். லேவியராகமத்தின் 19ஆம் அதிகாரத்தில் தொடங்கும் ‘கெதோஷிம்’ என்னும் பராஷா, கூலியாளின் கூலியை விடியும்வரை நிறுத்திவைக்கக் கூடாது என்றும், வயலின் ஓரங்களை முற்றிலும் அறுத்துவிடாமல் ஏழைக்கும் அயலாருக்கும் விட்டுவைக்க வேண்டும் என்றும் கட்டளையிடுகிறது. நிலம் உடையவரை நோக்கிச் சொல்லப்பட்ட இவ்விதியை, மாதிகா என்னும் தலித் சமூகத்திலிருந்து வந்தவர்களும் பலர் விவசாயக் கூலிகளாக உழைப்பவர்களுமான இம்மக்கள் படிக்கும்போது, அது கொடுப்பவரின் தயவைப் பற்றிய அறிவுரையாக நில்லாமல், பெறுபவரின் உரிமையாகவே பொருள்படுகிறது. தோரா விளக்கவுரைகளில் இந்தப் பார்வைக்கு உரிய இடம் கிடைக்க வேண்டும். அன்றாடங்காய்ச்சிக்குச் சனிக்கிழமை ஓய்வு என்பது அறுவடைக் காலத்தில் ஒரு நாள் கூலியை இழப்பது என்பதால், வாரப் பகுதியைக் கேட்க வந்து அமர்வதே அவரது வாழ்வில் மிகப் பெரிய கடைப்பிடிப்பாகிறது.