சுயதொழில் பக்கம்: போன மாதமும் இந்த மாதமும்



"போன மாசத்தை விட இந்த மாசம் கையில காசு கூட நிக்குது. தொழில் நல்லா ஓடுது போல." இப்படிச் சொல்லிக்கொண்டு புதிய கடனுக்குக் கையெழுத்து வைப்பவர்கள் நம்மில் பலர். கையில் நிற்கும் காசெல்லாம் இலாபம் ஆகாது. ஒரு கணக்கைப் பார்ப்போம்.

வீட்டில் மிக்சர் செய்து கடைகளுக்குக் கொடுக்கும் ஒரு சகோதரியை எண்ணிக்கொள்ளுங்கள். கடைக்கு ஒரு பக்கற் 100 ரூபா. கடலை மா, எண்ணெய், கச்சான், உறை, விறகு எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு 65 ரூபா செலவு. கடைக்காரர் எல்லோரும் உடனே காசு தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். (அப்படிப்பட்ட கடை கண்டால் எங்களுக்கும் சொல்லுங்கள்!)

ஏப்ரல் பிறக்கும்போது வீட்டில் சாமான் ஒன்றும் இல்லை. வருடப்பிறப்பு என்பதால் 900 பக்கற் போனது. வந்தது 90,000 ரூபா. சாமான் முடிந்துவிடுமோ என்று பயந்து 70,000 ரூபாவுக்கு வாங்கிவிட்டார். கையில் மிச்சம் 20,000. மே மாதத்தில் 620 பக்கற், 62,000 ரூபா. மா மூட்டையும் எண்ணெய்க் கானும் ஏற்கெனவே இருந்தபடியால் 28,800 ரூபாவுக்குத்தான் வாங்கினார். கையில் மிச்சம் 33,200.

மே மாதம்தான் திறம் என்று தோன்றுகிறது அல்லவா? இந்தக் காசை நம்பி, கிழமைக்கு 4,000 ரூபா கட்டும் கடனொன்றை எடுக்கிறார்.

ஆனால் ஏப்ரல் முடிவில் 11,500 ரூபாச் சாமான் மிஞ்சி இருந்தது. அதைக் கழித்தால் ஏப்ரல் செலவு 58,500, இலாபம் 31,500. அந்தச் சாமான் முழுதும் மே மாதத்தில் முடிந்தது. அதையும் சேர்த்தால் மே மாதச் செலவு 40,300. இலாபம் 21,700 மட்டுமே. யூனிலும் அவ்வளவுதான் வந்தால், நாலு கிழமைத் தவணை 16,000 போக, வீட்டுக்கு 5,700 ரூபா. ஐந்து தவணை விழும் மாதத்தில் 1,700 ரூபா. அதில் பிள்ளைகளுக்கு என்ன கொடுப்பது?

அதற்காகத் தொழில் விழுந்துவிட்டது என்று மனம் தளரவும் வேண்டாம். மே மாதத்தை மார்ச்சோடு பாருங்கள். இரண்டுக்கும் 31 நாள், இரண்டும் சாதாரண மாதம். மார்ச்சில் 600 பக்கற் போயிருந்தால், 20 கூடியிருக்கிறது. பெப்ரவரியோடு பார்ப்பதென்றால் நாட்களால் பிரித்து, ஒரு நாளைக்கு எத்தனை என்று பாருங்கள். ஏப்ரலைப் போன வருட ஏப்ரலோடு வையுங்கள்.

அங்கேயும் ரூபா ஏமாற்றும். 2022 செப்டெம்பரில் கொழும்பில் விலைவாசி முந்திய வருடத்தை விட ஏறத்தாழ நூற்றுக்கு 70 வீதம் ஏறியிருந்தது. அந்நாட்களில் விலையைக் கூட்டி அதே 600 பக்கற்றை விற்றவரும் கொப்பியில் பெரிய தொகையைத்தான் கண்டிருப்பார். ஆகவே ரூபாவுக்குப் பக்கத்தில் பக்கற் எண்ணிக்கையையும் எழுதுங்கள்.

மாதக் கடைசி இரவு, மிஞ்சிய மா, எண்ணெய் எவ்வளவு என்று அளந்து, வாங்கிய விலையில் கொப்பியில் குறித்து வையுங்கள். பிள்ளைகள் சாப்பிட்ட பக்கற்றையும் எழுதுங்கள், ஒளிக்க வேண்டாம்.

கடைகளில் நிற்கும் கடன் காசை எந்த மாதத்தில் எழுதுவது என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.